வெறுமையாக வந்த சட்டி

அந்தச் சட்டி வெறுமையாகத் திரும்பி வந்தது. ஒரு பக்கம் நசுங்கிய, இரண்டு காது வைத்த பெரிய அலுமினியச் சட்டி. முதல்நாள் கடை ராத்தா அதை இரவல் வாங்கிக்கொண்டு போயிருந்தார். மறுநாள் அஸர் தொழுகை முடிந்ததும் குடையை ஒரு கையிலும் சட்டியை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறி வந்து, வாசலில் வைத்துவிட்டு, உட்காரக்கூடச் செய்யாமல் இறங்கிப் போனார். நான் மூடியைத் திறந்து பார்த்தேன். நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தது. உள்ளே ஒரு எலுமிச்சங்காய்கூட இல்லை. எங்கள் பக்கத்தில் இரவல் வாங்கிய பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்புவதில்லை. ஒன்றும் இல்லாதவர்கள் வேலியில் நிற்கும் கறிவேப்பிலையில் ஒரு கொத்து ஒடித்துப் போடுவார்கள். சண்டை போட்டுப் பேச்சுக் கதையில்லாமல் இருப்பவர்கள்கூட இரண்டு பச்சைமிளகாயை வைத்துத்தான் அனுப்புவார்கள். மடவளை பஸாரில் துணிக்கடை வைத்திருக்கும் மனுஷிக்கு இந்த மரியாதை தெரியாதா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்று இரவு என் கணவரிடம் அதைச் சொல்லிச் சொல்லியே அவருடைய சோற்றை ஆற வைத்தேன்.

ஊரில் எல்லோருக்கும் அவர் அக்கா மாதிரி, அதனால் கடை ராத்தா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கணவர் மௌத்தான பிறகு கடையைத் தனியாக நடத்தினார். கொடுக்கிற கை என்று பெயர். ஆனால் அவரிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. ஊரெல்லாம் போய்ச் சட்டி இரவல் கேட்பார். பெரிய வீடுகளில் கேட்கமாட்டார். தகரம் போட்ட வீடுகளிலும் வளவுக்குள் ஒதுங்கிய சின்ன வீடுகளிலும்தான் கேட்பார். "கடை நிறையத் துணி, குசினியில ஒரு சட்டியில்ல" என்று பெண்கள் கேலி செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன். காசுள்ளவர்களின் கஞ்சத்தனத்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லை என்பது அப்போது என் எண்ணம். இருந்தாலும் இது என்ன மாதிரிக் கஞ்சத்தனம் என்று தெரிந்துகொள்ள ஒரு ஆசை மட்டும் எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

எங்கள் வீட்டுக்கு அவர் முதன்முதலாக வந்தது ஒரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள். என் கணவர் மேசன் வேலை செய்கிறவர். சீமெந்து விலை ஏறி, கட்டிக்கொண்டிருந்த வீடுகளெல்லாம் பாதியில் நின்றுபோன காலம் அது. அவர் வீட்டில் இருந்தார். இருக்கிறார் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. "சமைச்சாச்சா?" என்று யாராவது கேட்டால் ஆச்சு என்பேன். என்ன கறி என்று கேட்டால் அதற்கும் ஒன்றைச் சொல்வேன். அப்படியிருக்கும்போதுதான் பெருநாள் வந்தது. பள்ளிவாசலில் இருந்தும் தெரிந்தவர்களிடம் இருந்தும் பெருநாளுக்கு அறுத்த உழ்ஹிய்யா இறைச்சி பை பையாக வந்து சேர்ந்தது. எல்லோரும் நல்ல மனதோடு கொடுத்தார்கள். ஆனால் குசினியில் அரிசி இல்லை, தேங்காய் இல்லை, காஸ் முடிந்து நாளாகிவிட்டது, பிரிட்ஜ் எங்களிடம் எப்போதுமே இருந்ததில்லை. அத்தனை இறைச்சியை முன்னால் வைத்துக்கொண்டு நான் அழுதேன். பசியில் அழுவதைவிட அது கேவலமாக இருந்தது.

ராத்தா நேராகக் குசினிக்குள் வந்தார். பெரிய சட்டி காஸ் சிலிண்டருக்குப் பின்னால் கவிழ்த்துக் கிடந்தது. அதை எடுக்க வழி செய்யும் சாட்டில் சிலிண்டரைக் காலால் ஒதுக்கினார். அது பாரமே இல்லாமல் நகர்ந்தது. அவர் அதைப் பார்க்காதது மாதிரி இறைச்சிப் பைகளைப் பார்த்தார். பிறகு, தன் பெரிய பிரீஸர் பாதிக்கு மேல் சும்மா கிடக்கிறது என்றும், வெறும் பிரீஸர் ஓடினால் கரண்ட் பில் கூடும் என்று பில் எழுத வந்தவன் சொன்னான் என்றும் ஒரு கதையை எடுத்துவிட்டார். அந்த இறைச்சியைத் தந்தால் வைத்து நிரப்பிக்கொள்வாராம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருவாராம். போகிற போக்கில் இன்னொரு உதவியும் கேட்டார். அவர் தோட்டத்தில் வெட்டிப்போட்ட பலா மரக் கிளைகள் வழியை மறித்துக் கிடக்கின்றனவாம். என் கணவர் வந்து அள்ளிக்கொண்டு போனால் பெரிய புண்ணியமாம். ஒரே வருகையில் எங்களிடம் சட்டி, இறைச்சி, உழைப்பு மூன்றையும் கேட்டுவிட்டுப் போனார். இந்த மனுஷிக்கு வெட்கமே இல்லையா என்று நினைத்தேன். அதே நேரம், எங்களிடமும் ஒருவர் வந்து கேட்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் நிமிர்வும் வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் சட்டி வந்தது. சட்டி நிறைய அரிசி, மேலே இரண்டு தேங்காய், ஒரு பொட்டலம் கறித்தூள். இரவல் வாங்கியவர் வெறுமையாகத் தரக்கூடாதே, அதனால் வாங்கிக்கொள்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை. அதன் பிறகு பல மாதங்கள் அந்தச் சட்டி மேட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. ஒருமுறை எங்கள் இறைச்சியில் ஒரு பங்கும் வெங்காயமும், ஒருமுறை மண்ணெண்ணெய்ப் போத்தல், ஒருமுறை மகளுக்குப் பாடசாலைச் சப்பாத்து. சப்பாத்தைச் சட்டிக்குள் வைத்து அனுப்பும் ஆளை நான் அதற்குமுன் கண்டதில்லை. என் கணவருக்குக் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மறுபடி வேலை கிடைத்து, நானும் பாலர் பாடசாலையில் டீச்சராகச் சேர்ந்த பிறகு ஒருநாள் ராத்தா வந்து சட்டியைக் கேட்டார். குசினியில் நின்று பாலில்லாத ஒரு பிளேன்டீ குடித்தார். மறுநாள்தான் அது வெறுமையாக வந்தது.

அந்தக் கோபம் ஆறாமலே நான் பள்ளிவாசலின் பெண்கள் உதவிக் குழுவில் சேர்ந்தேன். அங்கே ராத்தாவும் இருந்தார். குழுவின் செயலாளருக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது. கொடுத்ததைக் கொடுத்ததோடு மறந்துவிட வேண்டும், பின்னால் போய்ப் பார்ப்பது கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவது மாதிரி, அது கொடையைக் கெடுத்துவிடும் என்பது செயலாளரின் கட்சி. அதில் நியாயம் இருக்கிறது. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாங்கள் எல்லோரும். ஒரு கூட்டத்தில் அவர் இதை ராத்தாவின் முகத்துக்கு நேரே சொன்னார். ராத்தா தலையில் போட்ட தாவணியைச் சரிசெய்துகொண்டு, சிரிக்காமல் சொன்னார்:

"நான் குடுக்கப் போறல்லயே. நான் வாங்கத்தானே போற."

செயலாளர் அடுத்த விஷயத்துக்குத் தாவிவிட்டார். எனக்கு அது புரிந்தும் புரியாத மாதிரி இருந்தது.

பெருமழையில் ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தேயிலைத் தோட்ட லய வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது நாங்கள் ஒரு லொறி நிறையப் பழைய உடுப்புக் கொண்டு போனோம். எல்லோரும் பொதிகளை இறக்கிக்கொண்டிருக்க, ராத்தா ஒரு வீட்டு வாசலில் போய்க் குடிக்கச் சுடுதண்ணீர் கேட்டார். "கொஞ்சம் இருங்கம்மா, வெறகு நனைஞ்சு போச்சு, பத்தவே மாட்டேங்குது" என்றாள் அந்த வீட்டுப் பெண். ராத்தா அவசரமில்லை என்று உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொதித்து அதை அவர் குடித்து முடிக்கும்வரை லொறி காத்து நின்றது. நாங்கள் எரிச்சலோடு முணுமுணுத்தோம். கூரைக்குக் கீழே காய்ந்த இடம் என்று ஒன்றும் இல்லாத வீட்டில் நாங்கள் இறக்கிய உடுப்பு மாலைக்குள் நனைந்து நாறப் போகிறது என்பதை அவர் மட்டும் பார்த்து வந்திருந்தார். அடுத்த வாரம் லொறியில் கூரைமேல் விரிக்கத் தறப்பாளும் கயிறும் மட்டும் போயின.

கடைசியில் எனக்கு விஷயம் விளங்கியது அவருடைய குசினியில். ஏதோ வேலையாகப் போனபோது பார்த்தேன். சுவரோடு பலகை அடித்து, அதில் வரிசையாகப் பெரிய பெரிய சட்டிகள். கல்யாண வீட்டுக்கே சமைக்கலாம். அன்று ஒரு தையல்காரப் பெண்ணிடம் வாங்கிய சட்டியைத் திருப்பிக் கொடுக்க அவர் கிளம்ப, நானும் கூடப் போனேன். அந்தப் பெண் மூடியைத் திறந்தாள், வெறுமை. அவள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். அந்த முகத்தை எனக்குத் தெரியும். திரும்பி வரும்போது, வெறும் சட்டியைக் கொடுக்கிறதா ராத்தா என்று கேட்டேன். குடைக்குள் என்னை இழுத்துக்கொண்டு சொன்னார்:

"அந்த ஊட்டுல இப்ப அரிசியும் ஈக்கி, தேங்காயும் ஈக்கி. இனியும் நான் அதுக்குள்ள ஒண்ட வெச்சா, தங்கச்சி, அவ எனக்கு எப்பவும் ஏழையாவே இருந்துருவா."

குடைக்குள் அவரோடு ஒட்டி நடந்தேன். என் சட்டியைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் அந்த மேட்டுப் பாதையில் இறங்கும்போது, அவர் கடைசியாக எங்கள் குசினியில் நின்று ஆறுதலாகப் பிளேன்டீ குடித்தது ஞாபகம் வந்தது. அவர் அப்போது எங்கள் அரிசி டின்னின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

ராத்தா மௌத்தாகி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. இப்போது எங்கள் குழு பொதி கொடுக்கும்போதெல்லாம் படம் எடுக்கிறது. யாருக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று காட்ட வேண்டுமாம். படத்தில் பொதி தெரிகிறது, சிலிண்டர் தெரிவதில்லை. நான் கூட்டத்தில் அதிகம் வாதாடுவதில்லை. பள்ளத்து வளவில் ஒரு வீடு இருக்கிறது. அந்தப் பெண்ணின் கணவர் ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்து வந்தார். அவளிடம் நான் சட்டி இரவல் வாங்கத் தொடங்கினேன். "ஒங்கட ஊட்டுல சட்டியில்லயா டீச்சர்?" என்று முதல் தடவையே கேட்டுவிட்டாள். ஓட்டை விழுந்துவிட்டது என்று ஒரு பொய் சொன்னேன். சிலநாள் சட்டிக்குள் பருப்பு போனது, சிலநாள் மருந்து வாங்கிய பை போனது. இப்போது அவர் எழும்பி முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். போன வாரம் அவள் குசினியில் நின்று பிளேன்டீ குடித்தேன். சீனியைக் கேட்காமலே இரண்டு கரண்டி போட்டுக் கலக்கித் தந்தாள்.

நேற்று சட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மூடியை மூடினாள், கொஞ்சம் சத்தமாகவே மூடினாள். நான் குடையை விரித்துக்கொண்டு மேட்டில் ஏறினேன். இன்றிரவு அவள் புருஷன் சாப்பிட உட்காரும்போது என்னை நன்றாக ஏசுவாள். ஏசட்டும்.