‘நீ’ என்று எழுதியவள்

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில்தான் அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் எனக்குப் பழக்கமானார். நான் மாத்தளை நகரில் போட்டோகொப்பி, போனுக்குக் காசு போடும் ரீலோட் என்று சின்னக் கடை ஒன்று நடத்துகிறேன். அவர் ஊரில் பாதிப் பேருக்குப் படிப்பித்தவர். எல்லோரும் அவரை ‘சேர்’ என்றுதான் கூப்பிடுவோம். வெயிலில் நின்றபடி தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அரசியல் கதைத்தோம். சண்டை வரவில்லை. அது எங்கள் இருவருக்கும் ஆச்சரியமாக இருந்தது.

“இப்பிடிப் பேசுறதுக்கு நமக்கு ஒரு இடம் வேணும் நானா,” என்றார் சேர். முஸ்லிமான என்னை ஊரில் எல்லோரும் அண்ணன் என்பதுபோல ‘நானா’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

வரிசைகள் தீர்ந்த பிறகு இணையத்தில் ஒரு தமிழ்க் குழுவைத் தொடங்கினோம். மாவட்டத்து அரசியலை யாரும் பேசலாம். அட்மின் நாங்கள் இரண்டு பேரும்தான்.

சேர் போட்ட விதி மரியாதை மட்டும். யாரையும் குறை சொல்லலாம், ஏசக் கூடாது. எவரையும் ‘நீங்கள்’ என்றுதான் எழுத வேண்டும், ‘நீ’ கூடாது. எனக்கும் அது பிடித்திருந்தது. மற்றக் குழுக்களில் தாயையும் சாதியையும் இழுத்து எழுதுவதைப் பார்த்து நொந்து போயிருந்தேன். எங்கள் குழுவில் பெண்கள்கூடத் தயங்காமல் எழுதினார்கள்.

பிறகு ஒரு பெருமழை. எல்கடுவப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மண் சரிந்து தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தைக் கொண்டுபோனது. தப்பியவர்களைப் பள்ளிக்கூட மண்டபத்தில் தங்க வைத்தார்கள். அரசியல்வாதி ஒருவர் வந்து, பிள்ளையொன்றைத் தூக்கி வைத்துப் படம் எடுத்து, வீடு கட்டித் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மாதங்கள் போயின. ஒன்றும் நடக்கவில்லை.

அந்த மண்டபத்தில் இருந்த ஒரு பெண், கொழுந்து பறிப்பவள், எங்கள் குழுவில் எழுதினாள். ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவே சேலைதான் சுவர். வயதுக்கு வந்த பிள்ளைகள் அதன் மறைவில்தான் உடுப்பு மாற்றுகிறார்கள். குழாயில் தண்ணீர் இல்லை. படங்களும் போட்டிருந்தாள். கடைசி வரி அந்த அரசியல்வாதிக்கு: “நீ ஒரு நாளு இங்க வந்து படுத்துப் பாரு.”

மத்தியானத்துக்குள் சேர் அதை நீக்கிவிட்டார். அவளுக்கு மறுமொழியாக வேறொருவர் தனிப் பதிவாக எழுதியது மட்டும் குழுவில் நின்றது. “மதிப்புக்குரிய சகோதரி, தவறாக எண்ண வேண்டாம். உங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு செய்தாலும் திருப்தி வராது. நல்ல வீடு கட்டித் தந்தாலும் நீங்கள் அதை லயமாக்கிவிடுவீர்கள்.” அதற்குக் கீழே கைதட்டல்களும் பூக்களும் வரிசையாக விழுந்திருந்தன.

நான் சேருக்குக் கோல் எடுத்தேன்.

“இது இருக்கலாமா சேர்?”

“இதுல என்ன ஏச்சு இருக்கு நானா? எவ்வளவு பண்பா எழுதியிருக்காரு.”

“பண்பாத்தான் செருப்பால அடிச்சிருக்கார்.”

“அந்தப் புள்ள ‘நீ’ன்னு எழுதிட்டா. விதின்னா எல்லாருக்கும் விதிதானே.”

அந்த வாரம் அவள் அடையாள அட்டையைப் போட்டோகொப்பி எடுக்கக் கடைக்கு வந்தாள். ‘நீ’ என்று எழுதியதால்தான் பதிவை அழித்தார்கள் என்று சொன்னேன்.

“‘நீங்க’ன்னு போட்டா தண்ணி வந்துருமா நானா?”

“தெரியல்ல தங்கச்சி. ஆனா அழிக்க ஒரு சாட்டு இருக்காது.”

கடையிலேயே நின்று திருத்தினாள். ‘ஐயா அவர்களே’ என்று தொடங்கி, ‘தாங்கள் ஒரு நாள் இங்கு தங்கிப் பார்க்க வேண்டும்’ என்று முடித்துக் குழுவில் போட்டாள். தட்டச்சுச் செய்யும்போது அவள் முகத்தில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

அதுவும் போய்விட்டது. இந்த முறை சேர் சொன்ன காரணம் வேறு: படங்கள் அனுமதியில்லாமல் எடுக்கப்பட்டவை, செய்தி உறுதிப்படுத்தப்படாதது.

மறுநாள் காலையில் அவரே கடைக்கு வந்தார். ஆட்கள் போகும்வரை காத்திருந்து சொன்னார்.

“அந்த அரசியல்வாதியோட ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் பேசுனார் நானா. சத்தமே போடல. வாய்க்கு வாய் சேர், சேர்னார். இணையத்துல எழுதுறதுக்கு இப்ப சட்டம் இருக்கு, நீங்க பெரியவங்க, பாத்துக்கங்கன்னார். கடைசியா என் மகளோட டிரான்ஸ்பர் எப்பிடிப் போகுதுன்னு விசாரிச்சார். மகளைப் பத்தி நான் அவர்கிட்ட ஒண்ணுமே சொன்னதில்ல.”

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஆனாலும் அவர் போனதும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்த அந்தப் பதிவை மீண்டும் போட்டேன். மாலையில் பார்த்தபோது நான் அட்மின் இல்லை. அவளையும் குழுவிலிருந்து நீக்கியிருந்தார்கள். அவள் எழுதியது எதுவும் அங்கே இல்லை. என் போனில் மட்டும் அந்த ஸ்கிரீன்ஷாட் இருந்தது. அதை வேறு குழுக்களில் போடலாம், சிங்கள நண்பர்களிடம் மொழிபெயர்க்கக் கொடுக்கலாம் என்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடி வந்தாள்.

“நானா, நான் எழுதுனத எங்கயாச்சும் வச்சிருக்கீங்களா?”

“இருக்குது.”

“அழிச்சிருங்க.”

யாராவது மிரட்டினார்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

“மண்டபத்துல உள்ளவங்கதான். வீடு குடுக்கிற நேரத்துல உன்னால எங்களுக்கும் கிடைக்காமப் போயிரும்னு சொல்றாங்க. யாரும் ஏசல நானா. கும்பிட்டுக் கேட்டாங்க. அதுக்கு மேல நான் என்ன பண்றது?”

அவள் பார்த்துக்கொண்டிருக்க அழித்தேன். சரியாக அழிந்ததா என்று போனை வாங்கி ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்துக்கு மண்டபம் வேண்டும் என்று பிறகு அவர்களைத் தோட்டத்துப் பழைய தேயிலை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அவள் அங்கே போகவில்லை. பிள்ளைகளோடு தம்புள்ளைக்குப் போய் வெங்காயம் தரம் பிரிக்கும் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று தோட்டத்து ஆள் ஒருவர் சொன்னார். அவளுடைய பழைய நம்பர் இப்போது வேலை செய்வதில்லை. வீடுகளுக்கு இன்னும் அத்திவாரம்கூட வெட்டவில்லை.

குழு இன்னும் நடக்கிறது. ஆட்கள் கூடியிருக்கிறார்கள். அந்த அரசியல்வாதியின் பிறந்தநாளுக்கு எல்லோரும் அழகாக வாழ்த்து எழுதியிருந்தார்கள். சேர் அவ்வப்போது கடைக்கு வருவார். மழையைப் பற்றியும் மிளகு விலையைப் பற்றியும் கதைப்போம். அவருடைய மகளுக்கு இன்னும் டிரான்ஸ்பர் கிடைக்கவில்லை.