அனுமதியை ஏற்றுமதி என்று எழுதினேன்

நம் நாடு ராணுவச் சாமான்களை வெளிநாட்டுக்கு எவ்வளவு விற்கிறது என்று மதிப்பிடுவது என் பிழைப்பு. செங்கம் ரோட்டில் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து செய்கிறேன். அரசு கொடுத்த அனுமதிகளைக் கூட்டலாம். கையெழுத்தான ஒப்பந்தங்களைக் கூட்டலாம். கப்பலேறிப் போன சரக்கை மட்டும் கூட்டலாம். மூன்றும் ஒன்றல்ல. போன சரக்குக்கு விவரம் வர நாளாகும். கணக்கைக் கேட்ட ஆபீசில் அவசரப்படுத்தினார்கள். நானும் அனுமதிகளைக் கூட்டி, மேலே ‘ஏற்றுமதி’ என்று போட்டு அனுப்பித் தொலைத்தேன். அது பேப்பரில் வந்தது.

என் தங்கை கணவர் குண்டு துளைக்காத சட்டைக்கு உறை தைக்கும் கம்பெனியில் இருந்தவர். சரக்கை அனுப்ப அரசு அனுமதி கிடைத்த பிறகு வெளிநாட்டுக்காரன் ஆர்டரை ரத்து செய்தான். ஆர்டர் திரும்பினால் கூப்பிடுகிறோம் என்று சொல்லி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதை நம்பி அவர் வேறு வேலை தேடவில்லை.

பேப்பரும் கையுமாகக் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தார்.

“மச்சான், ஏற்றுமதி ஜாஸ்தியாயிடுச்சுனு போட்டுக்கீறாங்க. எங்க ஆர்டரும் இதுல இருக்குதா?”

“இருக்கு.”

“அப்ப கூப்புடுவாங்க! சும்மா குந்திக்கினு கெனா காணாதடான்னு ஊர்ல ஒருத்தன் சிரிச்சான். இத்த அவன் மூஞ்சில காட்டுறேன்.”

“காட்டாதீங்க. நான் அனுமதியத்தான் கூட்டினேன். உங்க சரக்கு போகல, ஆர்டரும் திரும்பி வரல.”

அவர் என்னையே பார்த்தார். “போகாதத எதுக்கு மச்சான் போனதா எழுதினீங்க?”

மறுநாள் காலையில் அவர் வேலை கேட்டு வேலூருக்குப் போனார். பேப்பரை என் மேசையிலேயே விட்டிருந்தார்.