ஊதா விளக்குக்கு முன்னால்

“நில்லுங்க. மூக்கு அரிக்குதா? அரிக்கட்டும். மூக்கு எங்கயும் ஓடிப் போயிடாது.”

தலை முதல் கால் வரை வெள்ளை அங்கிக்குள் மூடிக்கொண்டு, கைகளை உடம்பில் ஒட்டாமல் விரித்து நிற்கிறார் ஒரு டாக்டர். எதிரே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என் அக்கா. சுவரோரம் இன்னும் சில டாக்டர்கள். எல்லோரும் படித்துப் பட்டம் வாங்கி, நோயாளிகளிடம் நல்ல பேரும் வாங்கியவர்கள்தான். தொற்றுநோய்ச் சிறப்பு மருத்துவராக வேண்டும் என்று மேற்படிப்புக்கு வந்து, அக்காவிடம் மாட்டிக்கொண்டவர்கள். அவர்களுடைய அங்கியிலும் கையுறையிலும் அக்கா ஒரு பொடியைத் தடவியிருக்கிறாள். வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஊதா விளக்கைப் போட்டால் பச்சையாக மின்னும். அதுதான் வைரஸ் என்று வைத்துக்கொள்ள வேண்டும். உடம்பில் ஒரு பொட்டுக்கூடப் படாமல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு விளக்குக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும்.

“உடுத்துறது யாருக்கும் வந்துடும். கழட்டுறதுதான் படிப்பு” என்பாள்.

அக்காவின் உத்தியோகம் வைரஸ் ஆராய்ச்சி. குழந்தைகளின் மூளையைத் தாக்கும் ஒரு காய்ச்சலைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்காக ஒற்றைக் காலில் நிற்கிறாள். பயிற்சிக் கூடத்துக்கு அடுத்து ஒரு கண்ணாடிச் சுவர், அதற்குப் பின்னால் இரட்டைக் கதவு போட்ட அறை. நிஜ வைரஸ் இருப்பது அங்கே. அதற்குள் நுழைய அவள் வகுத்த விதி ஒன்றுதான்: நாளுக்கு ஒரு முறை, தொடர்ந்து ஐந்து நாள், ஊதா விளக்கில் சுத்தமாக நிற்க வேண்டும். நடுவில் ஒரு நாள் சறுக்கினால் திரும்பவும் முதலிலிருந்து. ஏற்கெனவே உள்ளே போய் வருகிறவர்களுக்கும் இதேதான். தினமும் முதலில் தானே உடுத்தி, தானே கழற்றி, தானே விளக்குக்கு முன்னால் நிற்பாள். அப்புறம்தான் மற்றவர்கள்.

பத்திரிகைக்கு உன்னைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, “வா, பாரு. எதையும் தொடாத. முக்கியமா உன் மூஞ்சியைத் தொடாத” என்றாள். அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான், என் கை சும்மா இருக்கிற நேரமெல்லாம் என் முகத்தில்தான் குடியிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். இவளோடு பழகினால் நமக்கும் பித்துப் பிடித்துவிடும்.

வீட்டிலும் அப்படித்தான். கதவை முழங்கையால் திறப்பாள். விளக்கை விரல் முட்டியால் போடுவாள். என் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றியதும் நேரே குழாயடிக்குத்தான் போவாள். முழங்கை வரை சோப்பு போட்ட பிறகுதான் ‘எப்படிடா இருக்க?’ என்று கேட்பாள். “நான் கட்டிக்கிட்டது மனுஷியை இல்ல மாப்ளே, ஒரு சோப்புக் கட்டியை” என்பார் மாமா. அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவருக்கு இவளிடம் இருக்கும் ஒரே குறை இவளுடைய மூக்குக்கண்ணாடி. தளர்ந்துபோய் நிமிஷத்துக்கு ஒருமுறை மூக்கு நுனிக்கு இறங்கும். இவள் புறங்கையால் தள்ளிவிட்டுக்கொள்வாள். “கடையில கொடுத்தா ஒரு திருகு திருகித் தரப் போறான். எத்தனை நாளைக்குத்தான் தள்ளிக்கிட்டே இருப்ப?” என்று அவர் கேட்பதும், “நேரம் கிடைக்கட்டும்” என்று இவள் சொல்வதும் அந்த வீட்டில் கடிகாரச் சத்தம் மாதிரி, யார் காதிலும் விழுவதில்லை.

இந்தக் கெடுபிடிக்கெல்லாம் காரணம் ஒரு தோழி. அக்கா பயிற்சியில் இருந்தபோது கூடவே படித்தவள். களைப்பில் கையுறையோடு கண்ணைத் துடைத்துவிட்டாள். உயிர் பிழைத்தாள், ஒரு காது போய்விட்டது. இப்போதும் அவளிடமிருந்து போன் வந்தால், “அந்தக் காதுல வை, அந்தக் காதுல” என்று அக்கா கத்துவது தெரு முனை வரை கேட்கும்.

இந்தத் தடவை வந்தவர்களில் அக்காவின் வாயில் அதிகம் விழுந்தவர் ‘குழந்தை டாக்டர்’. நாற்பதைத் தாண்டியவர், நன்றாக நடந்துகொண்டிருந்த குழந்தைகள் மருத்துவமனையை மூடிவிட்டு வந்திருக்கிறார். காய்ச்சலும் வலிப்புமாக வந்த பிள்ளைகளின் அப்பா அம்மாவிடம் ‘என்னன்னு தெரியலைங்க’ என்று சொல்லிச் சொல்லி வாய் புளித்துவிட்டது என்றார் என்னிடம். கெட்டிக்காரர். ஆனால் அவசரம். நான்கு நாள் சுத்தமாக நிற்பார். ஐந்தாம் நாள், முடியப் போகிறது என்ற குஷியில் முகக்கவசத்தின் முன்பக்கத்தில் கை வைத்துவிடுவார். இரண்டு தடவை அப்படி ஆயிற்று. “வீட்டுக்குப் போற பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி கழட்டுறீங்க. மறுபடியும் ஒண்ணுலேர்ந்து வாங்க” என்று இரண்டு தடவையும் அனுப்பிவிட்டாள்.

ஒரு நாள் சாயங்காலம் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். குழாயடிக்குப் போகும்போதே பாட்டு முணுமுணுத்தாள். அவளுக்குப் பாட்டு வராது. நான் பயந்துபோய் என்ன ஆச்சு என்றேன்.

“வளந்துடுச்சுடா.”

எத்தனையோ குழந்தைகளிடம் எடுத்த மாதிரிகளில் வளராமல் டபாய்த்த வைரஸ், இந்த முறை குடுவையிலிருந்த உயிரணுக்களைப் பிடித்துக்கொண்டுவிட்டது. உயிரணுக்கள் உருண்டு உருண்டு கழன்று வருவதை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு வந்திருந்தாள். மறுநாள் வைரஸ் கலந்த அந்தக் குடுவை நீரை எடுத்துச் சின்னக் குப்பிகளில் உறையவைக்க வேண்டும். தாமதித்தால் வீரியம் போய்விடும். இன்னொரு குழந்தைக்குக் காய்ச்சல் வரும் வரை காத்திருக்க வேண்டும். “அந்தக் காத்திருப்பு எனக்கு வேண்டாம்டா. அடுத்த குழந்தை வரவே வேண்டாம்” என்றாள்.

மறுநாள் காலை வழக்கம்போல அக்கா முதலில் உடுத்தினாள், கழற்றினாள், விளக்குக்கு முன்னால் வந்து நின்றாள். கூடத்தை இருட்டாக்கி ஊதா விளக்கைப் போட்டார்கள்.

அவளுடைய மூக்குக்கண்ணாடியின் நடுவில், இரண்டு புருவங்களுக்கும் இடையே, பச்சையாக ஒரு தீற்று மின்னியது.

கண்ணாடி வழுக்கியிருக்கிறது, வெளிக்கையுறையைக் கழற்றிவிட்டு, உள்கையுறை கையில் இருக்கும்போதே புறங்கையால் தள்ளியிருக்கிறாள். அப்படிச் செய்தது அவளுக்கே தெரியாது. முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“சரி. எனக்கு நாளைக்கு ஒண்ணாம் நாள்” என்றாள். “அடுத்தவங்க வாங்க.”

அடுத்தவர் குழந்தை டாக்டர். அவருக்கு அன்று ஐந்தாம் நாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை; ஆனால் கை அவசரப்படவில்லை. விளக்கில் சுத்தமாக நின்றார்.

உள்ளே போகத் தகுதியுள்ள இன்னொரு ஆராய்ச்சியாளர் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தார். வைரஸ்காரருக்கே வைரஸ். இயக்குநர் போனில் வந்தார். அவர் பேசுவது எனக்கே கேட்டது. “நீங்க போட்ட விதிதானேம்மா, இன்னிக்கு ஒரு நாள் நீங்களே தளர்த்திக்கக்கூடாதா?”

“நான் போட்டதாலதான் சார் முடியாது” என்று வைத்துவிட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. ஊர்ப்பட்ட உழைப்பு அந்தக் குடுவையில் கிடக்கிறது. ஒரு தீற்றுப் பொடி, அதுவும் பொய் வைரஸ்.

“அவர் உள்ள போனதே இல்லையே அக்கா” என்றேன்.

“அஞ்சு நாள் நின்னிருக்காரு. நான் நிக்கலை.” குழந்தை டாக்டரிடம் திரும்பினாள். “போறீங்களா?”

“போறேன் மேடம்.”

ஒருவர் உள்ளே போனால் ஒருவர் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அக்கா வெளியே நின்றாள். உள்ளே இருப்பவரோடு பேசுவதற்கு ஒரு மைக் உண்டு. அதில் கத்தாத நாள் கிடையாது என்று மற்ற டாக்டர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அன்று அதன் பக்கமே அவள் கை போகவில்லை. உள்ளே அவர் குடுவையை எடுத்தார், நீரை உறிஞ்சினார், குப்பி குப்பியாக நிரப்பினார், மூடினார், உறைபெட்டிக்குள் வைத்தார். கடைசிக் குப்பி உள்ளே போனதும் நான் பெருமூச்சு விட்டேன்.

“இனிமேதான்டா” என்றாள் அக்கா, தலையைத் திருப்பாமல்.

அவர் கதவுகளுக்கு இடையிலுள்ள சின்ன அறைக்கு வந்து கழற்றத் தொடங்கினார். அங்கி போயிற்று. வெளிக்கையுறை போயிற்று. உள்கையுறையும் முகக்கவசமும்தான் பாக்கி. அப்போது அவர் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து கண்ணுக்குள் இறங்கியது. கண் துடித்தது. கை மேலே எழுந்து, பாதியிலேயே நின்றது. அவர் அப்படியே நின்றார். கண்ணை மூடி மூடித் திறந்தார். தண்ணீராகக் கொட்டியது. எவ்வளவு நேரம் என்று பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

பக்கத்தில் அக்காவின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் கீழே விழும். அவள் கையில் உறை இல்லை, பொடி இல்லை. அவள் நின்றது கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம். பின்னால் கட்டிய கை கட்டியபடியே இருந்தது. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக, மங்கலாகத் தெரிந்த அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கண் அடங்கியதும் உள்கையுறையைக் கழற்றினார். கையைக் கழுவினார். முகக்கவசத்தை நாடாவைப் பிடித்துப் பின்னாலிருந்து எடுத்துக் கூடையில் போட்டார். மறுபடியும் கழுவினார். கதவு திறந்தது. சிவந்த கண்ணும், கவசம் பதிந்த கன்னமுமாக வெளியே வந்து நின்றார்.

“எல்லாம் உள்ள பத்திரமா இருக்கு மேடம்” என்றார். பிறகு அவளைப் பார்த்துத் தயங்கி, “மேடம், கண்ணாடி விழப் போகுது.”

“தெரியுது” என்றாள் அக்கா.

முகத்தை அசைக்காமல் குழாயடி வரை நடந்தாள். முழங்கையால் குழாயைத் திறந்து, முழங்கை வரை சோப்பு போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவித் துடைத்தாள். அதற்குப் பிறகு ஒரே ஒரு விரலால் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள்.