சித்தியின் விதைமல்லி

ஆறாம் வகுப்பு படிக்கும்போது நான் செய்த ஓர் உதவியை இன்றைக்கு நினைத்தாலும், என் தலையில் நானே நறுக்கென்று ஒரு குட்டு வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

சித்தப்பா மாரடைப்பில் போய்ச்சேர்ந்த மறுமாதம், சித்தி கோவையிலிருந்த எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். உடுமலைப்பேட்டையில் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்தபோது பீரோவைக்கூட யாருக்கோ கொடுத்துவிட்டவள், ஒரு பெயின்ட் வாளியை மட்டும் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாள். அதில் ஒரு பிடி கொத்தமல்லிச் செடி. சித்தப்பா கடைசியாக விதைத்தது.

காய்கறி வாங்கினால் கடைக்காரர் சும்மா செருகிக் கொடுக்கும் தழைக்கு இத்தனை பாதுகாப்பா என்று அப்பாவுக்கு ஆச்சரியம். ரசத்துக்கு இரண்டு இலை கிள்ளப்போன அம்மாவையே சித்தி தடுத்துவிட்டாள். "விதைக்கு உட்டிருக்கறனுங்கக்கா, கை வெச்சறாதீங்க" என்றாள். செடி மொட்டைமாடியில் வெள்ளையாகப் பூத்தது, காய்த்தது, காய் பழுப்பேறியது. சித்தி அதை அறுத்துத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, உதிர்த்து, தட்டில் போட்டு ஊதி எடுத்தாள். இரண்டு கைப்பிடி தேறியது; அதைத் துணியில் முடிந்து வைத்தாள். பாதியை விதைப்பது, பாதியைப் பத்திரமாக வைப்பது என்று கணக்கு.

அந்த வாரம் பார்த்தா மழை பிடிக்க வேண்டும்! நாலு நாளாக வெயிலே இல்லை. சித்தி விதையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக் கவலைப்பட்டாள். "ஈரம் ஏறிருச்சுங்கக்கா. பூஞ்சை புடிச்சுப்போட்டா நான் என்ன பண்ணுவேன்?"

ரவை வாங்கி வந்தால், புழு வராமல் இருக்க லேசாக வறுத்து டப்பாவில் போடுவது அம்மாவின் வழக்கம். இது தெரியாமல் சித்தி கலங்குகிறாளே என்று எனக்குப் பாவமாக இருந்தது. இருவரும் கடைக்குப் போன சமயம் பார்த்து அடுப்பைப் பற்றவைத்தேன். சிறுதீயில், கருகாமல், பக்குவமாக வறுத்தேன். ஆறவைத்து, பழையபடி துணியில் முடிந்து வைத்துவிட்டேன். மறுநாள் தொட்டுப் பார்த்த சித்திக்கு முகமெல்லாம் மலர்ச்சி. நான் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவு அடக்கம்!

வெயில் வந்ததும் பாதியை உள்ளங்கையால் தேய்த்து இரண்டாக உடைத்து விதைத்தாள். பத்து நாள் ஆயிற்று. இருபது நாளும் ஆயிற்று. ஒன்றும் முளைக்கவில்லை. முதலில் தண்ணீரைக் குறை சொன்னாள், பிறகு அணிலை. ஒருநாள் வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "என்ற கையி ராசியில்லீங்கக்கா. அவரு போட்டா முளைக்குது, நான் போட்டா முளைக்க மாட்டேங்குது" என்று அழுதாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "உங்க மேல தப்பே இல்லீங்க சித்தி. நான் நல்லா வறுத்துத்தானுங்க வெச்சேன்" என்று ஆறுதல் சொன்னேன்.

அம்மா கையை ஓங்கிவிட்டாள். சித்திதான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கீழே போய், மீதியிருந்த முடிச்சை அவிழ்த்து, ஒரு விதையைக் கடித்துப் பார்த்தாள்.

"உடுங்கக்கா, கொழந்தையை அடிக்காதீங்க. இன்னைக்கு நான் ரசம் வெக்கறேன்" என்றாள்.

அந்தப் பாதியையும் அம்மியில் தட்டிப் போட்டாள். அப்படி ஒரு ரசத்தை நான் அதுவரை சாப்பிட்டதில்லை. அப்பாகூட இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். சித்தி மட்டும் ஒரு டம்ளரில் ஊற்றிக்கொண்டு, மூக்கை உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தாள்.

"காரமுங்களா சித்தி?"

"ஆமாங்கண்ணு" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு ஒரே பெருமை. நான் வறுத்த பக்குவம்தான் ரசத்துக்கு அந்த ருசியைக் கொடுத்தது என்று நினைத்து, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக் குடித்தேன்.