மடியில் ஏறிய தக்காளிப் பெட்டிகள்

மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோட்டுக்கு நான் ஓட்டும் சரக்கு வண்டி, பின்பக்கம் சில நாட்களாகக் கடகடத்தது. காலித் தக்காளிப் பெட்டிகள்தாம் ஆடுகின்றன என்று தீர்மானித்து, தினமும் கயிற்றை இறுக்கினேன்.

அன்று தக்காளி பறிக்கச் செல்லும் பெண்கள் பின்னால் ஏறியிருந்தார்கள். நான் சொன்னபடி ஆடுவது பெட்டிகள்தானா என்று பார்க்க, அவற்றை அவிழ்த்து ஆளுக்கொன்றாக மடியில் வைத்துக்கொண்டார்கள். ஓசை நிற்கவில்லை.

“நிறுத்துங்க தம்பி! பொட்டியெல்லாம் எங்க மடியில கம்முனு குந்தியிருக்குது. கத்தறது உங்க வண்டிதாங்க,” என்று ஒரு அக்கா கூவினார்.

இறங்கிப் பார்த்தேன். பின்சக்கரத்து நட்டுகள் விரலாலேயே சுழன்றன. எதிரே பாலத்துக்கு இறங்கும் சரிவு இருந்தது.

“கயிறு கட்டுனா சக்கரம் கழலாம நிக்குமாங்க?” என்று இன்னொருவர் சிரித்தார்.

நட்டுகளை முறுக்கியதும் ஓசை அடங்கியது. அத்தனை நாளும் அந்த ஓசையை என் காதுக்கான தொல்லையாக மட்டுமே எண்ணியிருந்தேன். பின்னால் உட்கார்ந்து வருபவர்களை எண்ணவே இல்லை.