நாமக்கோழி நீந்திய புதன்கிழமை

சத்தியசீலன் வாத்தியாருக்கு எதையும் முந்திச் செய்துவிட வேண்டும். பத்து மணி பஸ்ஸுக்கு ஒன்பதுக்கே போய் நிற்பார். ஐப்பசி மழைக்கு ஆனியிலேயே குடையைத் தூக்கிவிடுவார். பசுமலையில் ஒரு மிஷன் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு விஞ்ஞானம் நடத்தினார். வாரம் முழுக்க நடத்தப் போவதை முன்கூட்டியே எழுதி, திங்கட்கிழமை காலையில் தலைமையாசிரியர் மேசையில் கையெழுத்துக்கு வைக்க வேண்டும் என்று வாத்தியார்களுக்கு ஒரு விதி உண்டல்லவா, 'நோட்ஸ் ஆஃப் லெசன்' என்று? மற்றவர்கள் பிரேயர் மணி அடிக்கும்போது உட்கார்ந்து கிறுக்கிக்கொண்டிருப்பார்கள். நம் ஆளுடையது வெள்ளிக்கிழமையே அட்டை போட்டுத் தயாராக இருக்கும். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவர் நோட்டில் ஒரு சொட்டுச் சிவப்பு மை விழுந்ததில்லை. இதை அவர் வாயால் கேட்காதவர்கள் அந்த வட்டாரத்தில் கைக்குழந்தைகள் மட்டும்தான்.

எழுபத்தொன்பதாம் வருஷம் கோடை விடுமுறையில் தலைமையாசிரியர் லாசர் ஏதோ பயிற்சி முகாமுக்குப் போனார். போனவர் சும்மா திரும்பி வந்திருக்கலாம். பள்ளி திறந்ததும் சுற்றறிக்கை விட்டார். எட்டாம் வகுப்பு புதன்கிழமைதோறும் கண்மாய்க்குப் போக வேண்டும். பார்த்ததை இயற்கைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். வாத்தியாரும் எழுத வேண்டும். அந்த வாரத்துக் குறிப்பேடு அந்த வாரத் திங்கட்கிழமையே நோட்ஸ் ஆஃப் லெசனோடு சேர்ந்து மேசைக்கு வந்தாக வேண்டும். புதன்கிழமை பார்ப்பதைத் திங்கட்கிழமை எப்படி எழுதுவது என்று லாசரும் யோசிக்கவில்லை, வாத்தியார்களும் கேட்கவில்லை. அப்படிக் கேட்கிற பழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது.

சத்தியசீலன் வழக்கம்போல வெள்ளிக்கிழமையே எழுதி முடித்துவிட்டார். பாடப் புத்தகத்தில் 'குளத்து உயிர்கள்' என்று ஒரு பாடம் இருந்தது. போதாதா? "கண்மாய் நிரம்பியிருந்தது. நாமக்கோழிகள் நீந்தின. அல்லி இலைமேல் தவளை ஒன்று அமர்ந்திருந்தது." கீழே நாமக்கோழியின் படம், நெற்றியில் வெள்ளை நாமத்தோடு. லாசர் திங்கட்கிழமை வந்த நோட்டுக் குவியலோடு அதற்கும் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். செவ்வாய்க்கிழமை வாத்தியார் அதைக் கரும்பலகையில் எழுதிப்போட, பிள்ளைகள் அத்தனை பேரும் அட்சரம் பிசகாமல் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

புதன்கிழமை எல்லோரும் வரிசையாகக் கண்மாய்க்குப் போனார்கள். லாசரும் ஆசையாகக் கூட வந்தார். கரை ஏறிப் பார்த்தால், ஆனி மாசத்துக் கண்மாய் எப்படி இருக்கும்? பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் நாலு வண்டிகள் வண்டல் மண் அள்ளிக்கொண்டிருந்தன. தூரத்தில் திருப்பரங்குன்றத்து மலை வெயிலில் சிவனே என்று உட்கார்ந்திருந்தது.

லாசர் ஒரு பிள்ளையின் நோட்டை வாங்கிப் பார்த்தார். அடுத்ததை வாங்கினார். அதற்கடுத்ததையும். எல்லா நோட்டிலும் நாமக்கோழி நீந்திக்கொண்டிருந்தது.

"சத்தியசீலன் சார், இதுல எங்க சார் நீந்துது?"

"சார்... பாடத்துல..."

"மண்ணுலயா சார் நீந்துது?"

பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் ஒருவர் முதுகில் ஒருவர் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். வாத்தியாருக்கு அசடு வழிந்தது. லாசர் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். வாத்தியாரின் குறிப்பேட்டை வாங்கி, தன் பச்சைக் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே எழுதினார்: "கண்மாயில் நீர் இல்லை. பார்த்து எழுதவும்." எழுதிவிட்டு, "வர்ற வாரமும் இப்படின்னா எட்டாம் கிளாஸை ஸ்யாமளா டீச்சர்கிட்ட குடுத்துருவேன். வருத்தப்படக் கூடாது" என்றார்.

வீட்டில் அன்று சாப்பாடு இறங்கவில்லை. அவர் மனைவி ஞானம் விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் அடக்க முடியவில்லை.

"பிள்ளை பொறக்கதுக்கு முன்னாடி பேரு வச்சா இப்படித்தான். நம்ம கல்யாணத்துக்கே முந்தின நாளே வந்து உக்காந்த மனுசன்தான நீங்க?"

"சிரி. நல்லா சிரி. எத்தன வருச சர்வீஸு! சிவப்பு மை பட்டுருச்சு."

"எங்கயாச்சும் ரத்தம் வந்த மாதிரி பேசாதீங்க. போய்ப் பாத்துட்டு எழுதுங்களேன். கண்மாய் எங்க ஓடிப்போகுது?"

மறுநாள் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ரோஷம்தான், வேறென்ன. கரையோரத்துச் சரளைத் திட்டில் குடையை விரித்து உட்கார்ந்தார். பார்க்க ஒன்றுமே இல்லை. "மண். கல். மாட்டுச் சாணம்" என்று எழுதினார். அந்த நேரம் பார்த்து ஓர் ஆள்காட்டிக் குருவி தலைக்குமேல் வந்து கத்தியது பாருங்கள், கடன்காரனைக் கண்ட மாதிரி! விரட்டினால் போகவில்லை. அவர் தள்ளிப் போனால் சத்தம் குறைந்தது, கிட்டே வந்தால் கூடியது. இது என்ன வம்பு என்று அவர் தூரமாகப் போய் அசையாமல் உட்கார்ந்தார். குருவி இறங்கி, நெட்டைக் காலால் நடந்து, வெறும் கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டது. வாத்தியார் அந்த இடத்தைக் கண்ணால் குறித்துவைத்துக்கொண்டு மெதுவாகப் போய்ப் பார்த்தார். கல்லோடு கல்லாக நாலு முட்டைகள். கூடு கிடையாது, குச்சி கிடையாது. இன்னும் ஓர் எட்டு வைத்திருந்தால் மிதித்திருப்பார். தூக்கிய காலை அப்படியே பின்னால் வைத்தார்.

அப்போதுதான் வண்டித் தடம் கண்ணில் பட்டது. வண்டல் எடுத்த பள்ளம் நகர்ந்து நகர்ந்து வர, தடமும் அந்தத் திட்டை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது. வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். வண்டிக்காரர்களுக்கு மருது என்பவர்தான் தலைவர்.

"அண்ணே, அங்கிட்டு முட்ட இருக்கு. கொஞ்சம் சுத்திப் போங்கண்ணே."

"சுத்திப் போனா ஏத்தம் சார், மாடு திணறும். எம்புட்டு நாளைக்கு?"

அண்டத்திலிருந்து பிண்டம் வரை எதைக் கேட்டாலும் பதில் சொல்லிப் பழகிய வாய். ஆள்காட்டி முட்டை பொரிக்க எத்தனை நாளாகும் என்று எந்தப் பாடத்திலும் போடவில்லை.

"தெரியலையேண்ணே."

"வாத்தியாரே தெரியலன்னா நா யாருட்ட கேக்க? சரி, வர்ற புதன் வரைக்கும் சுத்திப் போறோம். அதுக்கு மேல முடியாது சார், பொழப்பு இருக்கு."

அதற்கப்புறம் வாத்தியார் தினமும் காலையில் கண்மாயிலும் சாயங்காலம் கண்மாயிலுமாகக் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிரசங்கத்தின்போது கூட முட்டையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். சிவப்பு மை மறந்தே போனது. திங்கட்கிழமை லாசர் குறிப்பேட்டைத் திறந்தார். வியாழன் முதல் ஞாயிறு வரை பக்கம் பக்கமாகக் கல்லும் குருவியும் வண்டித் தடமும். வரும் புதனுக்கான பக்கத்தில் ஒரே ஒரு சொல்: "தெரியாது."

"என்ன சார் இது? தெரியாதுன்னு எழுதி கையெழுத்துக்கு வைப்பாங்களா?"

"புதன்கிழமைக் குறிப்பைத் திங்கக்கிழமையே வைக்கணும்னு உங்க சர்க்குலர் சார். இன்னிக்கி எனக்குத் தெரிஞ்ச உண்மை அம்புட்டுத்தான். முட்ட பொரிக்கலாம், வண்டி ஏறலாம். கிளாஸை ஸ்யாமளா டீச்சர்கிட்ட குடுக்கிறதுன்னா குடுங்க சார். புதன் வரைக்கும் மட்டும் விட்டு வைங்க."

லாசர் சுற்றறிக்கையை எடுத்து ஒரு தரம் படித்தார். காது மடல் சிவந்தது. சிவப்புப் பேனாவை எடுத்துச் சுற்றறிக்கையின் கடைசி வரியை அடித்தார். குறிப்பேட்டில் கை வைக்கவில்லை.

புதன்கிழமை அத்தனை பேரும் கரையில் மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். மருதுவின் வண்டிகள் மறுபுறம் காத்து நின்றன. வாத்தியார் மட்டும் மெல்ல இறங்கிப் போய்க் குனிந்தார். முட்டைகள் இல்லை. ஓடு கூட இல்லை. பாம்போ காக்காயோ என்று கரையில் யாரோ முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது. கண்ணாடி மங்கியது. இத்தனை வயசில் ஒரு குருவிக்காகக் கண் கலங்குகிறோமே என்று அவருக்கு வெட்கமாகவும் இருந்தது.

திரும்பி ஓர் அடி எடுத்து வைத்தார். ஆள்காட்டி தலையில் இடிப்பதுபோல் பாய்ந்து கத்தியது. அவர் அப்படியே நின்றுவிட்டார். கிட்டே போனால்தான் இது இப்படிக் கத்தும். அப்படியென்றால் இங்கேதான் ஏதோ இருக்கிறது! "யாரும் எறங்காதீங்க!" என்று கத்திவிட்டுத் தன் தடத்திலேயே கால் வைத்துக் கரைக்கு வந்து சேர்ந்தார். காத்திருந்தார்கள். குருவி அடங்கியது. திட்டில் ஒரு கல் நடந்தது.

பின்னாலேயே இன்னொரு கல். அவ்வளவுதான், பிள்ளைகளின் பென்சில்கள் பறந்தன. மருது கரையில் நின்றே, "இன்னிக்கும் சுத்தியே போறோம் சார்" என்று சொல்லி மாட்டைத் திருப்பினார்.

மறுநாள் வாத்தியார் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தார். ஒருத்தி இரண்டு குஞ்சு என்று எழுதியிருந்தாள், ஒருவன் நாலு என்றான், லாசர் மூன்று என்று அடித்துச் சொல்லியிருந்தார். ஒரு நோட்டைப் போல் இன்னொரு நோட்டு இல்லை. எது சரி என்று பார்க்கப் பாடப் புத்தகத்திலும் வழியில்லை. ஞானம் காப்பியை வைத்துவிட்டுக் கேட்டாள், "அப்ப மொத்தம் எத்தனதாங்க?"

"தெரியல ஞானம்" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, வாத்தியார் எல்லா நோட்டுக்கும் சரி போட்டார்.