பத்து சென்ட் மண்

பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மிதித்த களிமண்ணின் புளித்த வாசனையில்தான் எனக்குக் கோடை தொடங்கும். பாறசாலைப் பக்கம் எங்கள் ஊர் வழியாக நெய்யாற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்த கால்வாயை நாங்கள் 'சானல்' என்போம். வயலுக்கென்று வெட்டிய அந்தத் தண்ணீரைக் குடித்துப் பெருத்தவை கரையிலிருந்த செங்கல் சூளைகள்தான். வளைகுடாப் பணம் வந்து ஓலைக்கூரைகள் இறங்க இறங்க, சூளைப் புகை ஏறிக்கொண்டே போனது.

எங்களுக்கும் அடுத்த வீட்டுத் தங்கத்தின் குடும்பத்துக்கும் குடியிருப்பவனுக்கே மண் என்ற நிலச்சட்டத்தில் ஒரே நாளில், ஜென்மி என்று நாங்கள் சொல்லும் ஒரே நிலக்கிழாரின் பூமியில், சானல் கரையில் பத்து பத்து சென்ட் கிடைத்தது. தங்கத்தின் அண்ணன் துபாய்க்குப் போனான். எனக்கு அண்ணன் இல்லை. அதனால் அப்பா எங்கள் மேல்மண்ணைக் காசுக்குச் சூளைக்காரருக்கு வெட்டிக் கொடுத்தார். அந்த மண்தான் வெந்து சிவந்து தங்கத்தின் வீட்டுச் சுவராக எழுந்தது.

"அவளுக்க வீடு நம்ம மண்ணாக்கும்" என்று அம்மா தினமும் முணுமுணுப்பாள். அந்தச் சுவரில் சாய்ந்து தங்கம் வெளிநாட்டு மிட்டாய் தின்னும்போது, மிட்டாயைவிடச் சுவரைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரியும்.

பொறாமை அப்பாவையும் விடவில்லை. சானல் பராமரிப்புக்காக அடைத்திருந்த நாட்களில், நமக்கும் அதே அளவில் வீடு என்று சொல்லி, எங்கள் குடிசை நின்ற மூலையை மட்டும் விட்டுவிட்டு மீதியெல்லாம் ஆழ வெட்டிக் கரையில் குவித்தார். தண்ணீர் வந்தால் குழைத்துச் செங்கல் அறுக்கலாம் என்பது அவர் கணக்கு.

தங்கத்தின் அம்மா எட்டிப் பார்த்தாள். "கல்லு அறுப்பிய, செரி. வீட்ட எங்க வைப்பிய அண்ணா? குழிக்குள்ளயா?"

"குழிக்குள்ள வச்சா நல்ல குளிர்ச்சி உண்டு. ஒனக்கு என்ன?" என்றார் அப்பா. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

இப்போது சூளைகள் இல்லை. சானலில் புல் ஆளுயரம் நிற்கிறது. எங்கள் இடம் தாமரைக்குளம்போல் கிடக்கிறது, தாமரைதான் இல்லை. தங்கத்தின் வீடு மட்டும் நிற்கிறது. பூச்சு உதிர்ந்த இடத்தில் தெரியும் சிவப்பைத் தாண்டிப் போகும்போது இன்றும் என் நடை தானாக மெதுவாகும்.

அப்பா சாப்பிடாமல் படுத்த அந்த ராத்திரிக்கு மறுநாள் சானலைத் திறந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊற்றெடுத்துக் குழியில் இடுப்பளவு தண்ணீர். குவித்திருந்த மண்ணை அப்பா விற்றுவிட, சூளைக்காரர் ஏற்றிக்கொண்டு போனார். தங்கத்தின் வீட்டு மதிலுக்குக் கல் போதாமல் இருந்தது.